ஒரே மீன்சட்டிதான், அவருக்கு ஃபெரிட்டின் 586, எனக்கு 8. எப்படி?

திங்கள்சந்தை தையல்காரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

திங்கள்சந்தை பக்கம் வீடு. வீட்டுலயே மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கேன். வயசு 41. எனக்க வீட்டுக்காரருக்கு 47. பதினாலு வருஷம் மஸ்கட்ல டிரைவரா இருந்துட்டு 2021-ல ஊருக்கு வந்தாரு, இப்ப லோடு ஆட்டோ ஓட்டுறாரு. ஒரே பொண்ணு, பத்தாம் வகுப்பு.

ரெண்டு வருஷமா அவருக்கு ஒரே அசதி. மத்தியானம் சோறு தின்னா வண்டிக்குள்ளயே உறங்கிருவாரு. "ரத்தம் இல்ல போல"ன்னு அவராவே முடிவு பண்ணி, கூட வண்டி ஓட்டுறவரு சொன்ன இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி நாலு மாசமா தின்னாரு. அசதி போகல. கடைசியில சண்டை போட்டுத்தான் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். போன இடத்துல "நீயும் எடு, இல்லன்னா நான் எடுக்கமாட்டேன்"னு நின்னாரு. அதனால எனக்கும் எடுத்தது.

அவருக்கு வந்தது: ஹீமோகுளோபின் 15.4, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுறதாம்) 586, வெறும் வயித்துல சுகர் 114, மூணு மாச சுகர் 6.3, ரத்தக் கொழுப்பு டிரைகிளிசரைடு 262, நல்ல கொழுப்பு எச்டிஎல் 34, ஈரல் டெஸ்ட் எஸ்ஜிபிடி 71. பிரஷர் 136/88. ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்பு, கிரேடு 2-ன்னு எழுதியிருக்கு. எடை 88 கிலோ, உயரம் அஞ்சரை அடி. பேண்ட் இடுப்பு 36. ஊருக்கு வந்தப்போ 34. ரெண்டு தடவை நானே பின்தையலைப் பிரிச்சு விட்டுக் கொடுத்திருக்கேன், இனி உள்ள விடுறதுக்குத் துணி இல்ல.

தாளைப் பாத்த ஒருத்தர் (இடத்தைச் சொல்ல விரும்பல) "உடம்புல இரும்பு கூடிப்போச்சு, மீன், ஈரல், கீரை எல்லாத்தையும் நிறுத்து, இரும்பு தோசைக்கல்லைத் தூக்கிப் போடு"ன்னாரு. இன்னொருத்தர் "ரத்தத்தைக் கொடுத்துடு, இரும்பும் இறங்கும், சுகரும் இறங்கும்"ன்னாரு. இவரு இப்ப ரத்ததானம் எங்க நடக்குன்னு விசாரிச்சுட்டு இருக்காரு.

எனக்குப் புரியாதது இதுதான். எங்க வீட்டுல ஒரே சமையல். குளச்சல்ல இருந்து வர்ற சாளை, நெத்திலி, அயிலை. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும், இல்லன்னா சம்பா அரிசிச் சோறு. மீன் வைக்கிறது மண்சட்டியில. அவரு தின்னதைத்தான் நானும் தின்னேன். அப்புறம் அவருக்கு மட்டும் இரும்பு எங்க இருந்து வந்தது? இரும்பு கூடினதாலதான் சுகர் வந்ததா? ரத்தம் கொடுத்தா சரியாகுமா?

என்னோடதையும் சொல்லிடுறேன். ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 8, வெறும் வயித்து சுகர் 92, மூணு மாச சுகர் 6.1. சுகர் ஆரம்பம்னு சொல்லி மாத்திரை எழுதித் தந்திருக்காங்க, இன்னும் போடல. இரும்பு மாத்திரையும் தந்தாங்க, வயிறு வலிச்சுது, வெளிக்குப் போறது கருப்பாப் போச்சு, பயந்து நிறுத்திட்டேன்.

லேப்ல 31 வருஷம் (நாகர்கோவில்)

தங்கச்சி, நான் லேப் டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவள். டாக்டர் இல்ல. ஆனா இந்த மாதிரித் தாளை எத்தனையோ ஆயிரம் தடவை அடிச்சுக் கொடுத்திருக்கேன். அதுல தெரிஞ்சதைச் சொல்றேன், முடிவை டாக்டர்கிட்ட எடுங்க.

நீங்க கடைசியில போகிற போக்குல எழுதியிருக்கிற நாலு வரிதான் எனக்கு முதல் கவலை. அதனால உங்க தாளை முதல்ல எடுக்கிறேன்.

ஃபெரிட்டின்ங்கிறது உடம்பு இரும்பைச் சேத்து வைக்கிற புரதம். பெரியவங்களுக்கு 15-க்குக் கீழ போனா சேமிப்பு தீர்ந்துபோச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்களுக்கு 8. அதாவது நெல்லு சேத்து வைக்கிற பத்தாயம் காலி, அடியில ஒட்டியிருக்கிறதைச் சுரண்டிட்டு இருக்கீங்க. அப்படி இருக்கும்போ மூணு மாச சுகரை அப்படியே நம்பக் கூடாது. அந்த டெஸ்ட், சிவப்பணுவுல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பாக்கிறது. இரும்பு இல்லாம புது அணு உண்டாகிறது கொறைஞ்சா, பழைய அணுவே கூட நாள் ரத்தத்துல சுத்தும். கூட நாள் சுத்தினா கூட சர்க்கரை ஒட்டும். சுகர் கூடாமலேயே எண் கூடிக் காட்டும். உங்க வெறும் வயித்து சுகர் 92 தானே, அது 6.1-ஓட சேரவே இல்ல பாருங்க. குளூக்கோஸ் 75 கிராம் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கிற டெஸ்ட்டை எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சுகர் மாத்திரை வேணுமா வேண்டாமான்னு அதைப் பாத்துட்டு அவர் சொல்லட்டும்.

இன்னொண்ணு, வெக்கப்படாம பதில் சொல்லுங்க. தீட்டு எத்தனை நாள் போகுது? கட்டி கட்டியாப் போகுதா? மீன் தின்கிற பொம்பளைக்கு ஃபெரிட்டின் 8-ன்னா, உள்ள வராததைவிட வெளிய போறதைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

இரும்பு மாத்திரை தின்னா கருப்பாத்தான் போகும், அதுக்குப் பயப்படாதீங்க. வயிறு வலிச்சா ஒண்ணு விட்டு ஒரு நாள் தின்னலாமான்னு கேளுங்க. 2017-ல வந்த ஒரு ஆய்வுல, தினமும் தின்கிறதைவிட ஒருநாள் விட்டுத் தின்னப்போ ஒவ்வொரு மாத்திரையில இருந்தும் கூட இரும்பு உடம்புல சேந்துச்சு. தின்னதுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா வேண்டாம். சாயாவுல இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சம்பழ வெள்ளமோ கூட இருந்தா நல்லது.

இனி உங்க வீட்டுக்காரர். முதல் வேலை, அந்த இரும்பு மாத்திரையை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. ஹீமோகுளோபின் 15.4 இருக்கிற ஆளுக்கு அது எதுக்கு? நம்ம உடம்பு ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம் இரும்பைத்தான் எடுக்கும், அவ்வளவேதான் தோல் வழியா, குடல் வழியா உதிரும். கூடினதை வெளிய தள்ள உடம்புல வழி கிடையாது. ஒரு மாத்திரையில 60, 100 மில்லிகிராம்னு இருக்கும்.

ஆனா 586-ன்னு வந்ததுக்கு அந்த மாத்திரை மட்டும் காரணம்னு நான் நெனைக்கல. நாஞ்சில்நாட்டு வீடுகள்ல பத்தாயம் பாத்திருப்பீங்க. ரத்தத்துல ஃபெரிட்டின் பாக்கிறது, பத்தாயத்துக்கு வெளிய சிந்திக்கிடக்கிற நெல்லைப் பாத்து உள்ள எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போடுற மாதிரி. பலகை நல்லா இருந்தா கணக்கு சரியா வரும். பலகை இத்துப் போனா, உள்ள நெல் அவ்வளவு இல்லன்னாலும் வெளிய நிறைய சிந்தும். ஈரல்தான் அந்தப் பத்தாயம். கொழுப்பு ஏறி ஈரல் வீங்கினா, குடிச்சா, காய்ச்சல் வந்தா, உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா ஃபெரிட்டின் கூடும்.

இதுக்கு நடுவுல ஒரு காவல்காரன் உண்டு, பேர் ஹெப்சிடின். ஈரல்தான் அதை உண்டாக்குது. அது கூடினா குடல்ல இருந்து இரும்பு உள்ள வராது, சேமிப்புல இருக்கிறதும் வெளிய போகாது. தொப்பை போட்டு அழற்சி இருக்கிற உடம்புல ஹெப்சிடின் கூடும், இரும்பு ஈரல்லயே பூட்டிக்கிடக்கும். குடி உள்ள ஆளுக்கு நேர்மாறு. சாராயம் ஹெப்சிடினைக் கொறைக்கும், கதவு திறந்துபோய்க் குடல் வழியா இரும்பு கூடுதலா ஏறும். அவர் குடிப்பாரான்னு நீங்க எழுதல. அதையும் உள்ளபடி சொல்லுங்க.

"இரும்பால சுகர் வந்ததா"ன்னு கேட்டீங்க. ரெண்டு பக்கமும் உண்டு. இரும்பு நிஜமாவே அளவுக்கு மிஞ்சினா கணையத்துல படிஞ்சு இன்சுலின் சுரக்கிற அணுவைக் கெடுக்கும். தோல் கருத்து, ஈரல் கெட்டு, சுகரும் சேந்து வந்த நோயாளியைப் பத்தி பாரீஸ் மருத்துவர் ட்ரூசோ 1865-லயே எழுதியிருக்கார். வெண்கல நீரிழிவுன்னு அதுக்கு ஒரு பேரே உண்டு. அது பெரும்பாலும் பரம்பரையா வர்ற வேற நோய். உங்க வீட்டுக்காரர் மாதிரி உள்ளவங்களைப் பத்தி 1997-ல பிரான்ஸ்ல ரென் நகரத்து மருத்துவர்கள் எழுதினாங்க. ஃபெரிட்டின் கூடுதல், ஆனா ரத்தத்துல இரும்பைச் சுமக்கிற டிரான்ஸ்ஃபெரின்ங்கிற புரதத்துல எவ்வளவு இரும்பு ஏறியிருக்குங்கிற நிறைவு சாதாரணம், கூடவே தொப்பை, கொழுப்பு, சுகர். 2004-ல அமெரிக்க நர்ஸுகளோட ரத்தத்தை வச்சு செஞ்ச ஆய்வுல, ஃபெரிட்டின் கூடுதலா இருந்தவங்களுக்குப் பின்னாடி சுகர் வர்ற வாய்ப்பு கூடுதலா இருந்துச்சு. இன்சுலின் வேலை செய்யாத உடம்புல ஃபெரிட்டின் கூடுது, ஈரல்ல சேந்த இரும்பு இன்சுலினோட வேலையை இன்னும் கெடுக்குது. ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிவிடுது.

அதனால அடுத்து எடுக்க வேண்டியது சீரம் அயர்ன் (ரத்தத்துல ஓடுற இரும்பு), டிஐபிசி (ரத்தம் மொத்தமா எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும்ங்கிறது), சிஆர்பி (அழற்சி இருக்கான்னு பாக்கிறது), கூடவே மஞ்சள்காமாலை பி, சி. சீரம் அயர்னை டிஐபிசியால வகுத்து நூறால பெருக்கினா நிறைவு சதவீதம் வரும். 45-க்கு மேல போனா நிஜமாவே இரும்பு கூடியிருக்கான்னு மேற்கொண்டு பாக்கணும். அதுக்குக் கீழன்னா ஈரலையும் தொப்பையையும்தான் பாக்கணும். தோசைக்கல்லை நீங்க பத்திரமா வச்சுக்கிடுங்க, உங்களுக்கு அது வேணும்.

கடைசியா ஒண்ணு. பேண்ட் அளவை இடுப்பு அளவுன்னு எழுதியிருக்கீங்க. தையல்காரிக்கு நான் சொல்லித் தரணுமா? அவர் தொப்பைக்குக் கீழதானே பேண்ட் கட்டுவாரு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்பைப் பிடிச்சு, மூச்சு விட்ட பிறகு அளந்து சொல்லுங்க.

கருங்கல் பைக் மெக்கானிக்

ரத்தம் கொடுக்கிறதைப் பத்தி நான் சொல்றேன், நான் செஞ்சு பாத்தவன். எனக்கு ஃபெரிட்டின் 700-க்கு மேல இருந்துது, ஈரல்ல கொழுப்பும் இருந்துது. ஒரு வருஷத்துல மூணு தடவை கொடுத்தேன். ஃபெரிட்டின் இறங்கிச்சு, சந்தோஷப்பட்டேன். ஆனா ஸ்கேன்ல கொழுப்பு அப்படியே இருந்துது, சுகரும் அசையல. ராத்திரி பரோட்டாவையும் பிராந்தியையும் விட்ட பிறகுதான் ஈரல் டெஸ்ட் ஒழுங்காச்சு.

அண்ணன் ரத்தம் கொடுக்கிறது நல்ல காரியம், கொடுக்கட்டும். ஆனா மருந்துன்னு நெனச்சுக் கொடுக்க வேண்டாம். ஆணுக்கு ஒரு தடவை கொடுத்தா 90 நாள் கழிச்சுத்தான் அடுத்தது. எந்த மாத்திரை தின்கிறோம், என்ன நோய் இருக்குன்னு கேட்பாங்க, மறைக்காம சொல்லணும். அந்த ரத்தம் வேற ஒரு ஆளுக்க உடம்புல ஏறப்போகுது.

லேப்ல 31 வருஷம் (நாகர்கோவில்)

தம்பி சொன்னது சரி. ஒரு மில்லி ரத்தத்துல ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். 350 மில்லி கொடுத்தா 175 கிட்ட போகும், சேமிப்பு இறங்கத்தான் செய்யும். ஆனா ஆஸ்திரேலியாவுல ஈரல்ல கொழுப்பு உள்ள 74 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2015-ல வந்துது. ஒரு கூட்டத்துக்கு ரத்தம் எடுத்தாங்க, இன்னொரு கூட்டத்துக்கு எடுக்கல. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா ஈரல் கொழுப்புலயும் இன்சுலின்லயும் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல. பரம்பரை இரும்பு நோய்க்கு ரத்தம் எடுக்கிறதுதான் வைத்தியம், அது வேற.

பேச்சிப்பாறை

எங்க அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர், காலையில நாலு மணிக்கு மரத்துக்குப் போவார், எழுபது வயசுலயும் தொப்பை கிடையாது. அவரும் மீனும் மரச்சீனியும் தின்னுதான் வளந்தார். சாப்பாட்டைக் குறை சொல்லாம நடக்கச் சொல்லுங்க அக்கா.

திங்கள்சந்தை தையல்காரி

எல்லாருக்கும் நன்றி. அளந்தேன். 41 இஞ்சு. டேப்பை ரெண்டு தடவை திருப்பிப் பிடிச்சுப் பாத்தேன், அப்பவும் 41 தான். இத்தனை வருஷமா ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் அளவெடுக்கேன், எனக்க வீட்டு ஆளைத் தொப்பைக்கு மேல ஒரு தடவைகூட அளந்ததில்ல. பேண்ட் ரெண்டு இஞ்சுதானே கூடியிருக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

குடி உண்டு அக்கா. மஸ்கட்ல இருந்து வந்த பிறகு சனி, ஞாயிறு ரெண்டு நாளும். ரெண்டு பெக்குன்னு சொல்லுவாரு, நான் எண்ணிப் பாத்ததில்ல.

எனக்குத் தீட்டு எட்டு நாள் போகும். முதல் மூணு நாள் ராத்திரி எழும்பி மாத்தணும், கட்டியாவும் போகும். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான், அதனால அது சாதாரணம்னு இருந்துட்டேன்.

லேப்ல 31 வருஷம் (நாகர்கோவில்)

41 இஞ்சுன்னா 104 சென்டிமீட்டர். நம்ம நாட்டு ஆம்பளைக்கு 90-தான் எல்லை, பொம்பளைக்கு 80. இடுப்பு, டிரைகிளிசரைடு, எச்டிஎல், பிரஷர், சுகர்னு அஞ்சுல மூணு தப்பினாலே வளர்சிதை மாற்றக் கோளாறுன்னு எழுதுவாங்க. அவருக்கு அஞ்சும் தப்பியிருக்கு. இதைத்தான் அவர்கிட்ட சொல்லணும், இரும்பை இல்ல. எடையில 7-ல இருந்து 10 சதவீதம் கொறைஞ்சா ஈரல்ல நல்ல வித்தியாசம் தெரியும். அவருக்கு அது ஆறுல இருந்து ஒன்பது கிலோ.

எட்டு நாள் தீட்டு சாதாரணம் இல்ல தங்கச்சி. இந்த வாரமே பெண்கள் டாக்டர்கிட்ட போங்க. இந்தியாவுல 15-ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. பாதிப் பேருக்கு மேல இருக்கிறதனாலதான் யாருக்கும் அது நோயாத் தெரியமாட்டேங்குது.

திங்கள்சந்தை தையல்காரி

நாலு மாசம் கழிச்சு எழுதுறேன். அக்கா கேட்டதை எல்லாம் ஒவ்வொண்ணா செஞ்சோம்.

முதல்ல அவரு. சீரம் அயர்ன் 98, டிஐபிசி 316. வகுத்தா 31 சதவீதம். பி, சி ரெண்டும் இல்ல. பரம்பரை நோய்னு சந்தேகப்பட ஒண்ணும் இல்ல, ஈரலைத்தான் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. குடியை அன்னைக்கே விட்டாரு. முதல் ரெண்டு சனிக்கிழமை ரொம்ப கஷ்டப்பட்டாரு, சாயங்காலம் நானும் அவரும் மண்டைக்காடு கடற்கரையில போய் நடந்தோம். இப்பவும் நடக்கோம், வாரத்துல அஞ்சு நாள். ராத்திரி சோத்தை நிறுத்திட்டு மீனும் அவியலும் மட்டும். மரச்சீனி ஞாயித்துக்கிழமை ஒரு நேரம்.

88-ல இருந்து 81 கிலோ ஆயிட்டாரு. டேப்புல 38. எஸ்ஜிபிடி 39, டிரைகிளிசரைடு 171, வெறும் வயித்து சுகர் 101. ஃபெரிட்டின் 586 இருந்தது 322. மீனையும் கீரையையும் நிறுத்தல, தோசைக்கல்லும் அடுப்புலதான் இருக்கு. ரத்தம் கொடுக்கவும் இல்ல. சுகர் ஒழுங்கான பிறகு, பிறந்தநாளன்னைக்குப் போய்க் கொடுக்கணும்னு சொல்லிட்டு இருக்காரு.

எனக்கு ஸ்கேன்ல கர்ப்பப்பையில சின்னக் கட்டி. பயப்படுற மாதிரி இல்லையாம். தீட்டு கொறையிறதுக்கு மாத்திரை தந்தாங்க, இப்ப அஞ்சு நாள்ல நின்னுடுது. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில எழும்பின உடனே நெல்லிக்காயோட தின்கேன். சாயா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். அந்த ஒரு மணி நேரத்துல ரெண்டு பிளவுஸுக்குக் கொக்கி வச்சு முடிச்சிடுவேன். குளூக்கோஸ் குடிச்சு எடுத்ததுல 118 தான் வந்துது. இப்ப ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 26, மூணு மாச சுகர் 5.6. சுகர் மாத்திரை வேண்டாம்னு டாக்டர் அந்தச் சீட்டையே அடிச்சுட்டாரு. ஊசியில நூல் கோக்கும்போ தலை சுத்தும், கண்ணுக்கு வயசாயிட்டுன்னு நெனச்சிருந்தேன். அது இப்ப இல்ல.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மகளுக்கு 15 வயசு. வயசுக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. அவளுக்கும் ஆறேழு நாள் போகும். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தா பையைக் கூடக் கழத்தாம படுத்திருவா. படிப்புச் சுமைன்னு டீச்சர் சொல்றாங்க. அவளுக்கும் ஃபெரிட்டின் பாக்கணுமா?

லேப்ல 31 வருஷம் (நாகர்கோவில்)

கண்டிப்பா மகளுக்கும் எடுத்துப் பாருங்க. ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு 12 இருக்குன்னு விட்டுடாதீங்க, சேமிப்பு தீர்ந்த பிறகுதான் அது இறங்கும். ஃபெரிட்டினையும் சேத்து எழுதச் சொல்லுங்க. சளி, காய்ச்சல் இருந்தா எண் கூடிக் காட்டும், அதனால அது விட்டுப் பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டுப் போங்க. தாள் வந்த உடனே இங்க எழுதுங்க தங்கச்சி, நான் பாத்துட்டு இருப்பேன்.